தம்பி சாந்தன்பாறையில் இருந்தபோது

என் தம்பி சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்துச் சூப்பர்வைசராக இருக்கிறான் என்று எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அவன் சாந்தன்பாறையை இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. அந்த மாதங்களில் அவன் இருந்தது, பாலக்காட்டுப் பக்கத்து எங்கள் ஊரான பெருமாட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு போதை மீட்பு மையத்தில். சாந்தன்பாறை என்பது எங்கள் அம்மா கட்டிய கதை. அம்மா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் கதை கட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கும் தம்பிக்கும் நடுவில் பன்னிரண்டு வயது வித்தியாசம். என்னைப் பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். பாலில் தண்ணீர் கலந்து கொண்டுவருகிறவர்கள் நான் இருக்கிற வேளையைத் தவிர்த்துத்தான் வருவார்கள். அப்பா போன பிறகு தம்பியை வளர்த்ததில் பாதி நான்தான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அவனைக் குளிப்பாட்டியிருக்கிறேன், பேன் பார்த்திருக்கிறேன், சாத்து சாத்தென்று சாத்தியும் இருக்கிறேன்.

தம்பி மினி லாரி ஓட்டினான். எங்கள் பக்கத்துத் தோப்புகளில் வெட்டும் இளநீரை ஏற்றிக்கொண்டு வாளையார் வழியாகச் சேலம், பெங்களூர் என்று போய்வருவான். ஒரு மழைநாளில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியதில் அவனுக்கு முதுகில் அடிபட்டது. டாக்டர் கொஞ்ச நாளைக்கு வலி மாத்திரை கொடுத்தார். டாக்டர் நிறுத்தச் சொன்ன இடத்தில் இவன் நிறுத்தவில்லை. வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், டீ வேண்டுமா என்று கேட்பது மாதிரி, கேபின் கதவைத் தட்டி அதே மாத்திரையைச் சீட்டில்லாமல் கொடுக்க ஆள் இருந்தான். பிறகு அதைவிட வீரியமானதைக் கொடுக்கவும் ஆள் இருந்தான். மாத்திரை ஊசியானது எங்கள் யாருக்கும் தெரியாது. பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தான். கேட்டால், "ஸ்டியரிங் புடிச்சுக் கையெல்லாம் கருத்துப்போச்சுங்க்கா" என்றான். எவ்வளவு அழகுணர்ச்சி இவனுக்கு என்று நான் கேலி செய்தேன்.

அந்த மத்தியானத்தைச் சொல்லிவிடுகிறேன். சொசைட்டியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தவள் அம்மா வீட்டில் எட்டிப் பார்த்தேன். டிராக்டர் நிறுத்தும் கொட்டகையில், கயிற்றுக் கட்டிலில் தம்பி படுத்திருந்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாத அம்மிணி. மாசக் கணக்கா தூக்கமில்லாம கெடந்த பையன். இன்னைக்குத்தான் கண்ணசந்து தூங்கறான். கொறட்டையைக் கேளு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

குறட்டை எனக்குப் பிடிக்கவில்லை. அது விட்டு விட்டு, அடைத்துக்கொண்டு, தண்ணீர் இறங்காத குழாய் மாதிரி வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் உதடு நாவல்பழம் தின்றவன் உதடாக இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன், கன்னத்தில் அறைந்தேன். "ஏம்புள்ள, தூங்கறவனை அடிக்கற?" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கண்ணே திறக்கவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஜீப்போடு ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டார்கள். போட்ட சற்று நேரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து மேலே வந்தவன் மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் எங்களைப் பார்த்துக் கோபமாகக் கத்தினான். அந்தக் கத்தலைக் கேட்டு நான் அழுதேன். இவ்வளவு இனிமையான சத்தத்தை என் வாழ்நாளில் கேட்டதில்லை. டாக்டர் அம்மாவிடம் வந்து, "அம்மே, அது உறக்கமல்ல" என்று மெதுவாகச் சொன்னார். அம்மாவுக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். தெரிந்தும், என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டாள்.

மறுநாளே அவனை மீட்பு மையத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருக்கும்போதே சித்தப்பா போன் செய்தார். அப்பாவின் தம்பி, அவர் காதில் ஒன்று விழுந்தால் மறுநாள் பொள்ளாச்சி வரைக்கும் தெரியும். ஜீப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேனே என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரல் கொஞ்சமும் நடுங்காமல் சொன்னாள்: "பித்த மயக்கமுங்க. இப்ப ஒண்ணுமில்லீங்க. நாளைக்கே அவன் சாந்தன்பாறைக்கு வேலைக்குப் போறானுங்க. ஏலத்தோட்டத்துல சூப்பர்வைசருங்க. அங்கெல்லாம் போன் சரியா கெடைக்காதுங்களாமா."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஏன் சாந்தன்பாறை என்று பிறகு கேட்டேன். எப்போதோ பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் தன் ஊர் அது என்று சொன்னாளாம். மலைக்கு மேலே, தூரத்தில், நம் ஆட்கள் யாரும் எட்டிப் பார்க்கப் போகாத ஊர். அதுதான் காரணம்.

கதை கட்டும்போது ஏலக்காயை அம்மா யோசிக்கவில்லை. பையன் ஏலத்தோட்டத்தில் இருந்தால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? முதலில் சித்தப்பாவே ஒரு கால் கிலோ கேட்டார். அப்புறம் பொள்ளாச்சிச் சித்தி கேட்டாள். அப்புறம் மாரியம்மன் கோயில் நோன்புக்குப் பாயசத்துக்கு மொத்த ஏலக்காயும் உங்கள் பையன் உபயம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அம்மா மூச்சுக் காட்டாமல் பாலக்காட்டுக்கு பஸ் ஏறுவாள். பெரிய கடைவீதியில் ஏலக்காய் வாங்கி, கடைப் பொட்டலத்தைப் பிரித்து, மஞ்சள் பையில் கொட்டி, "போன வாரம் ஆள் வந்துச்சுங்க, குடுத்துவுட்டான்" என்று பங்கு போடுவாள். கடைக்காரரிடம் கேட்டுத் தரமெல்லாம் கற்றுக்கொண்டாள். ஒருமுறை சித்தப்பா, போன தடவை கொடுத்தது இதைவிடப் பச்சையாக இருந்ததே என்றார். "அது எட்டு எம்எம்முங்க. இது மழையில நனைஞ்ச காயி" என்றாள் அம்மா. இரண்டாம் தலைமுறைத் தோட்டக்காரியே அவளிடம் தோற்றுப்போவாள்.

சிரிக்கிறேனே தவிர, அந்த நாட்களில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்புடி எத்தனை நாளைக்கும்மா?" என்று கத்துவேன். அம்மா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். ஆனால் மாதம் ஒருமுறை மையத்தில் பார்க்க விடும் நாளில், விடியும் முன்பே எழுந்து கொள்ளுப் பருப்புக் கடைந்து, தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு முதல் ஆளாகப் போய் கேட்டுக்கு வெளியே நிற்பாள். தம்பி அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.  ஒருநாள் ஏலக்காயைப் பொட்டலம் கட்டிக்கொண்டே ஏங்கி ஏங்கி அழுததைப் பார்த்தேன். அவள் மேல் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

தம்பி திரும்பி வரும்போது சதைபோட்டு, கன்னம் உப்பி, கூச்சத்தோடு வந்தான். மையத்தில் ஒரு கவுன்சிலர் அம்மா இருந்தார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். புறப்படும் நாளில் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இத்தனை மாதம் உடம்பு அந்த மருந்தை மறந்துவிட்டது. என்றைக்காவது கால் இடறி, பழைய அளவை எடுத்தானென்றால் மூச்சு நின்றுவிடும். நிறையப் பேர் சாவது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான். "ஒளிச்சு வெச்சா ஆபத்தாணு. கூடப் படுக்கறவங்களுக்கு விஷயம் அறியணும். மூச்சு நோக்கத் தெரியணும். வேறொண்ணும் எனக்குப் பறயானில்ல" என்றார். நான் அதை மனதில் கல்வெட்டாக வைத்துக்கொண்டேன். அம்மாவும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

லாரி வேண்டாமென்று விட்டுவிட்டான். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சினான், மாட்டைக் குளிப்பாட்டினான். காலையில் பால் கொண்டுவந்து சொசைட்டியில் ஊற்றுவான். என் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் எனக்கு அன்றைய வேலை ஓடும். சாந்தன்பாறையை ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம், "அட்டை கடி தாங்கலீங்க" என்று சொல்ல அம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அதற்குள் ஒரு வரன் வந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடும்பம், தோப்பும் வயலும் உள்ளவர்கள், பெண் மில் ஆபீசில் வேலை பார்த்தாள். வந்து பார்த்தார்கள், பிடித்துவிட்டது. மலையில் தனியாக இருந்து பொறுப்பாக வேலை பார்த்த பையன் என்று பெண்ணின் அப்பா இரண்டு தடவை சொன்னார். ஒரு கல்யாணத்தைப் பண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மாவுக்கு நம்பிக்கை. அவள் முகத்தில் அந்தக் கொட்டகையில் பார்த்த அதே நிம்மதியைப் பார்த்தேன். 

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் அவன் உடன்பிறந்தவளுக்கும் சேர்த்துச் செய்யும் சீர் அது. பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை அக்காளோ தங்கையோ பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சேலைதான் பிறகு பெண்ணுக்குப் போகும். தம்பி பிறந்த நாளிலிருந்து நான் காத்திருந்த சீர். இணைச்சீர்க்காரிக்கு எடுக்கும் பட்டு என்ன நிறம் என்று கூட மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன்.

நிச்சயத்துக்கு நாள் குறிக்க உட்கார்ந்த அன்று நான் சொன்னேன்: "அந்தப் புள்ளகிட்ட விஷயத்தைச் சொல்லோணும். சொல்லலீன்னா நான் இணைச்சீருக்கு நிக்கமாட்டேன்."

அம்மா என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். "கூடப் பொறந்தவளா நீ? அவன் வாழறது பொறுக்கலியா உனக்கு?"

"வாழோணும்னுதாம்மா சொல்றேன். அந்தப் புள்ள ஒண்ணுந்தெரியாம பக்கத்துல படுத்திருக்கும். இவனுக்கு ஒண்ணுன்னா, அசந்து தூங்கறான்னு போர்த்திவுட்டுட்டுப் போயிரும். நீ விசிறுன மாதிரி."

சொன்ன பிறகுதான் எவ்வளவு கொடுமையான வார்த்தை என்று உறைத்தது. அம்மாவின் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. ஆனாலும் அவள் விடவில்லை. "நீ நிக்கலீன்னா போ. உங்க பெரீப்பன் புள்ளைய நிக்க வெச்சுக்கறேன். ஊருல அக்காளுக்காப் பஞ்சம்?" என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெரியப்பா மகள் நல்லவள்தான். ஆனால் அவளா அவனுக்குப் பேன் பார்த்தாள்?

அதுவரைக்கும் தம்பி வாசல்படியில் உட்கார்ந்து கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்தான். "எங்கக்கா புடிக்காத சேலையை நான் புடிக்கமாட்டனுங்கம்மா" என்றான். அப்புறம் என்னைப் பார்த்து, "வாங்க்கா, போயிட்டு வந்தர்லாம். நானே சொல்றேன். நீங்க பக்கத்துல மட்டும் நில்லுங்க" என்றான். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாளே போனோம். திடீரென்று வந்து நிற்கிறார்களே என்று அவர்களுக்கு ஆச்சரியம்; மோர் கொடுத்தார்கள். பெண்ணோடு கொஞ்சம் பேசவேண்டும் என்றேன். களத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, வேப்ப மரத்தடியில் அவள் வந்து நின்றாள். தம்பி ஒன்றையும் விடாமல் சொன்னான். மாத்திரை, ஊசி, கொட்டகை, மையம். சாந்தன்பாறை பொய் என்பதையும் சொன்னான். சட்டைக்கையை மடித்துவிட்டு முழங்கை மடிப்பில் இருந்த ஊசித் தழும்புகளைக் காட்டினான். அவன் குரல் அங்கங்கே தடுமாறியதே தவிர நிற்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். என் தம்பியைப் பற்றி எனக்கு அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

அந்தப் பெண் அந்தத் தழும்புகளை உற்றுப் பார்த்தாள். பிறகு, "இப்ப எப்புடீங்க?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு வரைக்கும் இல்லீங்க. இனிமே எப்பவுமே இல்லைன்னு சத்தியம் பண்ற தைரியம் எனக்கில்லீங்க" என்றான்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.  தம்பி வீட்டுக்கு வந்து குளித்தான், சாப்பிட்டான், படுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீராகத்தான் வந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அப்பா பேசினார். மரியாதையான மனிதர். பையன் மேல் குறையில்லை, உண்மையைச் சொன்னது பெரிய விஷயம், ஆனால் பெண்ணைப் பெற்றவனுக்குப் பயம் விடவில்லை என்றார். சாயங்காலம் அந்தப் பெண் தனியாக எனக்குப் போன் செய்தாள். "சொன்னதுக்கு ரொம்ப நன்றீங்க அக்கா. அவரைப் பாத்துக்கோங்க" என்றாள். அழுதிருந்தாள் போலிருந்தது. எனக்கு மட்டும் சந்தோஷமா? இப்படிப்பட்ட ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கக்கூடாதா என்று மனது அடித்துக்கொண்டது.

கல்யாணம் நின்றதற்குக் காரணம் எப்படியோ வெளியே வந்துவிட்டது. சாந்தன்பாறைக் கதை போய், சித்தப்பா வீட்டில் ஏலக்காய் மட்டும் மிஞ்சியது. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் உள்ளே போனால் அவள் புழக்கடைக்குப் போவாள். "உங்கக்காகிட்டச் சொல்லு" என்று தம்பி மூலமாகத்தான் எல்லாம் வரும். தலை நிமிராமல் கோயிலுக்குப் போய்வந்தாள், அதையும் பிறகு விட்டாள். தம்பிதான் எங்கள் இருவருக்கும் நடுவில் தூது போய்ச் சளைத்தான். ஆனால் அவன் முகத்தில் ஏதோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. யாராவது ஜாடையாகக் கேட்டால், "ஆமாங்க, இருந்துச்சுங்க" என்று நேராகவே சொல்லிவிடுவான். கேட்டவர்கள்தான் நெளிவார்கள்.

ஒருநாள் நண்பகலில், எங்கள் தோட்டத்திலிருந்து நாலு தோட்டம் தள்ளி இருக்கும் அம்மாள் ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அம்மாவைத் தேடி வந்தாளாம். அவளுடைய மகனுக்கு முப்பது வயது இருக்கும், கல்யாணமாகாதவன். தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்கள் பையனை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள். வாசலிலேயே கேட்டுவிட்டுப் போய்விட நினைத்தவளை அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வெகுநேரம் இரண்டு பேர் அழுகிற சத்தம் கேட்டதாம்.

அதற்கு அடுத்த நாள் நடந்ததை நானே பார்த்தேன். எங்கள் சொசைட்டிக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப். அம்மா அங்கே நின்றிருந்தாள். பக்கத்தில் அந்த அம்மாள், அவளுக்குப் பின்னால் முழுக்கைச் சட்டையோடு தலையைக் குனிந்து அவள் மகன். வேறு யாரும் வராமல் இருந்தால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா வந்து சேர்ந்தார். மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க அண்ணி, எல்லாரும் எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா சற்றும் யோசிக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "எம் பையனுக்கு மாத்திரைப் பழக்கம் இருந்துச்சல்லீங்க, உங்களுக்குத் தெரியாததா? அவனுக்கு மருந்து வாங்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போறனுங்க. எனக்குக் கண்ணு செரியாத் தெரியறதில்லை. இவுங்க ரெண்டு பேரும் தொணைக்கு வராங்க."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். பஸ் வந்தது. அந்தப் பையனை முதலில் ஏற்றி, அவன் அம்மாவை ஏற்றி, கடைசியாகப் படியில் கால் வைத்த அம்மா ரோட்டைத் தாண்டி என்னைப் பார்த்தாள். "அம்மிணி, நான் வர நேரமாகும். தம்பிக்குச் சோறு போட்டுரு" என்று கத்தினாள். கல்யாணம் நின்ற பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

சாயங்காலம் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, பஸ் ஸ்டாப்பில் அம்மா அவன் பேரைச் சொன்னதைச் சொன்னேன். பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. கண்ணில் தண்ணீர் நிறைந்து, அதோடேயே சிரித்தான்.

"சொல்லட்டுங்க்கா. எம் பேரு எப்படியும் போனதுதான. அதுக்குப் பொறத்தால ஒருத்தன் ஒளிஞ்சு பொழச்சுக்கிட்டா நல்லதுதானுங்க" என்றான். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.